மூடி கழற்றிய ஊசி

சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்று இனி யாராவது என் காதுபடச் சொன்னால் செருப்பைத் தேடுவேன். அதைச் சொல்லித்தான் இரண்டு மாதம் சோறு தின்றேன் என்பது வேறு விஷயம்.

என் பெயர் குல்சும். ராயப்பேட்டையில் வீடு. ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வருகிற வேலை. போன வருஷம் சோப்பு, அதற்கு முன் செல்போன், இந்த வருஷம் சுற்றுச்சூழல். கையில் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப், அதற்குள் நாற்பத்திரண்டு கேள்விகள். பூமி சூடாவது பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, குப்பையைத் தரம் பிரிக்கிறீர்களா, அடுத்த தலைமுறையை நினைத்துக் கவலைப்படுகிறீர்களா. கேட்டுக் கேட்டு என் வாய் புளித்துப்போயிற்று. படித்தவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், முழுமையாக உடன்படுகிறேன். உடன்படாத ஓர் ஆளைக்கூட மயிலாப்பூரில் நான் பார்க்கவில்லை. அப்புறம் ஏன் ஊர் இப்படி நாறுகிறது என்று கேட்க டேப்பில் கேள்வி இல்லை.

அன்றைக்கு மந்தைவெளி. ஐப்பசி மழை இரவெல்லாம் அடித்து ஓய்ந்திருந்தது. தெருமுனையில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகி, அதன்மேல் இட்லி மாவுப் பாக்கெட்டுகளும் கோழி இறகும் சாமிக்குப் போட்ட சாமந்தியும் மிதந்தன. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு கடந்தேன். பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி. வாசலில் பச்சைப் பலகையில், ‘இது குப்பையில்லாக் குடியிருப்பு’ என்று எழுதியிருந்தது.

சங்கச் செயலாளர் சுப்புலக்ஷ்மி மாமிதான் அந்தப் பலகையை வைத்தவர். காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார். அறுபது வயது, சுறுசுறுப்பான மனுஷி. காபி கொடுத்தார். நல்ல காபி, பொய் சொல்லக் கூடாது. அவர் கணவர் சாய்நாத், பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொடங்கும்போது எல்லோரிடமும் சொல்வதை மாமியிடமும் சொன்னேன். உங்கள் பதில்களை ரகசியமாக வைத்திருப்போம், உங்கள் பெயர் எங்கேயும் வராது.

மாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கே தெரியாததை எல்லாம் எனக்கு விளக்கினார். கடைசியில் ஒரு கேள்வி வரும், நீங்கள் செய்யும் சிறப்பான பழக்கம் ஏதேனும் உண்டா என்று. அதற்கு மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. ரப்பர் பேண்டுகூட வீட்டுக்குள் விடுவதில்லையாம், குப்பையைப் பேப்பரில் சுற்றிச் சணலால்தான் கட்டுவாராம். சாய்நாத் சாருக்குச் சர்க்கரை. பேனா மாதிரி ஒரு கருவியில் தினமும் புது ஊசி மாட்டிக் குத்திக்கொள்கிறார்.

“ஒவ்வொரு ஊசிக்கும் ரெண்டு பிளாஸ்டிக் மூடி. எல்லாரும் அப்படியே தூக்கிப் போட்டுடுவா. நான் மூடியைத் தனியா எடுத்து, அலம்பி, காய வெச்சு பிளாஸ்டிக்ல போட்டுடுவேன். ஊசியோட அடியில துளியூண்டு பிளாஸ்டிக் ஒட்டிண்டிருக்கு பாருங்கோ, அதைத்தான் பிரிக்க வரமாட்டேங்கறது. மனசுக்குக் கஷ்டமா இருக்கு” என்றார் மாமி.

எழுதிக்கொண்டேன். இந்த வட்டாரத்திலேயே அவருக்குத்தான் அதிக மதிப்பெண்.

கீழே இறங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது ‘குறைந்த வருமானப் பிரிவு’ இருக்க வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் பேட்டரி வண்டியை நிறுத்திவிட்டு, தேவானை குப்பை பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். முன்பே இரண்டொரு தெருவில் பார்த்துப் பேசியிருக்கிறேன். அடையாறு ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து விடிவதற்கு முன் பஸ் பிடித்து இங்கே வேலைக்கு வருகிறாள். அவள் பீச்சி வைத்துவிட்டு வருகிற பாலைக் காலையில் கொடுத்து, எட்டு மாதக் குழந்தையைப் புருஷன் முருகையன் பார்த்துக்கொள்வான். பகல் ஒரு மணிக்கு அவள் வீடு திரும்பிப் பால் கொடுத்ததும் அவன் தி.நகருக்குத் துணிக்கடைக் கிடங்கில் மூட்டை தூக்கக் கிளம்புவான்.

வேலை செய்துகொண்டே பதில் சொல் என்றேன். அவளும் சரி என்றாள். ஈரக் குப்பையில் பேப்பர் கலந்திருந்தால் உரக்கிடங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, உள்ளே இருப்பதைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பேப்பரைத் தனியாகப் போட வேண்டும். மூன்றாம் நாள் சாம்பார், ஊசிப்போன தயிர், தலைமுடிச் சுருள், பிள்ளைகளின் டயப்பர், சுற்றாமல் போட்ட பெண்களின் பேட். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள்.

காலநிலை மாற்றம் பற்றித் தெரியுமா என்று கேட்டேன்.

“அப்டின்னா இன்னாக்கா?”

தெரியாது என்று குறித்தேன்.

“வெள்ளத்துல வூடு போச்சே, அத்த கேக்க மாட்டியா?” என்றாள். அதற்குக் கேள்வி இல்லை என்றேன். சிரித்தாள்.

அடுத்த பொட்டலம் இங்கிலீஷ் பேப்பரில் சுற்றியது, சணல் முடிச்சு போட்டது. முடிச்சு இறுகியிருந்தது. கையுறையோடு அவிழ்க்க வரவில்லை. வலது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நகத்தால் முடிச்சை நெம்பி, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிழிகிற மாதிரிப் பிரித்தாள். ஸ் என்று கையை இழுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற தோலில், காபிப் பொடிச் சக்கையோடு, ஒரு குட்டி ஊசி நின்றுகொண்டிருந்தது.

பிடுங்கி எடுத்தாள். ரத்தம் ஒரு சொட்டுதான். குழாயில் கழுவிவிட்டு மறுபடி வேலைக்குக் குனிந்தாள். நான் விடவில்லை. என் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்த நாட்களில் நர்ஸ் ஒருத்திக்கு இப்படிக் குத்தி அவள் அலறியதைப் பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, தினமும் நடக்கிறதுதானே என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் அவளுடைய மேஸ்திரி, வண்டியை யார் எடுப்பார்கள் என்று கேட்டார். நீயே வந்து எடு என்று சொல்லிவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

ராயப்பேட்டை அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையானவர். ஊசியில் யாருடைய ரத்தம் இருந்ததோ தெரியாது, எச்ஐவி இருக்கலாம், காமாலைக் கிருமி இருக்கலாம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் தெரியாதவரை இருக்கிறதென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். மொத்தம் இருபத்தெட்டு நாள் போட வேண்டும், வாந்தி வரும், தலை சுற்றும். குழந்தைக்கு இப்போதைக்குத் தாய்ப்பால் வேண்டாம்.

தேவானை அதுவரை சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். பால் என்றதும் நிமிர்ந்தாள்.

“அவன் வேற எதும் குடிக்க மாட்டான் டாக்டர்.”

ஊசிக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிந்தால், அவர் வந்து ரத்தம் கொடுத்தால், சீக்கிரமே தெரிந்துவிடும், ஒன்றுமில்லை என்றால் மாத்திரையும் வேண்டாம், பாலும் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. யார் வீட்டு ஊசி என்று கேட்டார். தெரியாது என்றாள் தேவானை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. பன்னிரண்டு வீட்டுக் குப்பையையும் கட்டியிருக்கிற விதத்தை வைத்தே சொல்லக்கூடியவள். எந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யார் மாமியாருக்குப் பழையதைப் போடுகிறார்கள், எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

“சணல்ல கட்றது ஒரே வூடுதாங்க்கா. சொன்னா நாளைக்கே கம்ப்ளைண்ட் பண்ணி என்னை வேற ரோட்டுக்கு மாத்திடுவாங்க. இங்கேன்னா ஒரு பஸ்ஸு. ஒரு மணிக்குப் போய்ப் பால் குடுத்துடலாம். அதான் வாய மூடிக்கினேன்” என்றாள்.

எனக்கும்தான் தெரியும். என் டேப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் நான் ஏன் உடனே சொல்லவில்லை? ரகசியம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், வேலை போய்விடும் என்று பயம். த்தூ, நானும் ஒரு பிறவி.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி என் வீடு. அங்கே கூட்டிப்போனேன். போன் பண்ணிச் சொன்னதும், பத்து மணிவாக்கில் முருகையன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தான். ஒல்லி ஆள், பேச்சும் குறைவு. நடந்ததைக் கேட்டான். அப்போ புள்ளைக்கு இன்னா குடுக்கறது என்று ஒன்று மட்டும் கேட்டான்.

குழந்தையின் பெயர் செம்பியன். அம்மாவைப் பார்த்ததும் தாவினான். அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிச் சங்கில் கொடுத்துப் பார்த்தேன், துப்பினான். மெடிக்கலில் புட்டியும் பால் மாவும் வாங்கிவந்தோம். ரப்பரைக் கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று நாளாகச் சளி வேறு. அழுது அழுது குரல் கம்மிப்போயிற்று. முருகையன் அவனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் குறுகல் சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

அழுகுரல் கேட்கக் கேட்க தேவானையின் ஜாக்கெட் நனைந்துகொண்டே வந்தது. பாத்ரூம் எங்கேக்கா என்றாள். உள்ளே போய்த் தாழ் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கழுவுதொட்டியில் பால் முழுக்கப் போகாமல் ஓரத்தில் வெள்ளையாக நின்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் வீட்டுக் குப்பைப் பை, நேற்றைய கறி எலும்பு, முட்டை ஓடு, உடைந்த வளையல், எல்லாம் ஒரே பையில். அதை யார் எடுத்துப் பிரிக்கிறார்கள் என்று இந்த இருபது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு ஆட்டோ பிடித்தேன்.

சுப்புலக்ஷ்மி மாமி கதவைத் திறந்து, ஏதாவது கேள்வி விட்டுப்போச்சா என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார், உண்மையாகவே பதறினார். எந்த வீட்டு ஊசியாம் என்றும் கேட்டார்.

“உங்க வீட்டு ஊசி மாமி” என்றேன்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. குழந்தை தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரிச் சிரித்தார். சான்ஸே இல்லை, எங்காத்தில் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியுமே என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் கழுவித் துடைத்த மூடிகள், நூறு இருநூறு இருக்கும். ஒன்றில்கூட அழுக்கில்லை.

“மூடியெல்லாம் இருக்கு மாமி. ஊசியெல்லாம் எங்கே?”

“அது இரும்புதானே. தம்மாத்துண்டு. ஈரக் குப்பையில போட்டா துருப்பிடிச்சு மண்ணோட மண்ணாப் போயிடும்னு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

மூடியோடு போட்டிருந்தால்கூடக் குத்தியிருக்காது. பிளாஸ்டிக்கைக் காப்பாற்றப் போய் ஊசியை அம்மணமாக்கி, பேப்பரில் சுற்றி, முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

சாய்நாத் சார் வந்து ரத்தம் கொடுத்தால் போதும் என்றேன். மாமியின் முகம் மாறிவிட்டது. அந்த டெஸ்டா, இவருக்கா, எதற்கு, எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று அடுக்கினார். சர்க்கரை டாக்டரின் ஃபைலைக் காட்டட்டுமா என்றார். குழந்தைக்கு உயர்ந்த பால் பவுடர் டின் வாங்கித் தருகிறேன் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத வியாதி எல்லாம் ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு லேப் ஆளை வீட்டுக்கே வரச்சொல்கிறேன் என்றார். நாளைக்கு வரை குழந்தை என்ன செய்யும் என்று கேட்டேன்.

மாமி என்னை நேராகப் பார்த்தார். “ரகசியம்னு சொல்லித்தானே காத்தால எழுதிண்டேள்? இப்போ அதையே வெச்சுண்டு ஆத்துக்கு வந்து நிக்கறேளே.”

சுருக்கென்று இருந்தது. “ஆமா மாமி, தப்புதான். என் மேல கம்ப்ளைண்ட் குடுங்க, காலையில நான் குடுத்த கார்டுல கம்பெனி நம்பர் இருக்கு. எட்டு மாசப் புள்ள பச்சைத் தண்ணி எறங்காம கத்திக்கினு கீது. அவ பாலைப் பீச்சிச் சாக்கடையில விட்டுக்கினு கீறா” என்றேன். கோபம் வந்தால் என் பேச்சு ராயப்பேட்டைக்கே போய்விடும்.

சோபாவில் பேப்பர் மடங்கியது. சாய்நாத் சார் எழுந்து நின்று, சட்டையைப் போட்டுண்டு வரேன் என்றார்.

“ஏன்னா, யாராவது பாத்தா என்ன நினைச்சுப்பா?”

“நினைச்சுக்கட்டும்” என்றார் அவர்.

மாமியும் கூடவே வந்தார். ஆஸ்பத்திரியில் பினாயில் நாற்றமும் ஈரத்துணி நாற்றமும் கலந்து அடித்தது. மாமி மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பெஞ்சைத் தொட்டபோதெல்லாம் கைக்கு மருந்து தடவிக்கொண்டார். சாய்நாத் சார் வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு பழகின மனுஷர், கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். நான் போய்த் தேவானையையும் முருகையனையும் கூட்டிவந்தேன். ஒரு பெஞ்சில் அவர்கள், எதிர்ப் பெஞ்சில் இவர்கள். நடுவே குழந்தையின் அழுகை. ஒன்றரை மணி நேரம். செம்பியன் அழக்கூடத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தான். மாமி இரண்டு முறை அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா வெளியே வந்தே சொன்னார். ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம், மாத்திரையை நிறுத்திவிடலாம், ஆறு வாரம் கழித்து ஒருமுறை வந்து காட்டு, இப்போது முதலில் பிள்ளைக்குப் பால் கொடு.

தேவானை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முருகையன் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தான். பையன் மூச்சுவிடாமல் குடிக்கிற சத்தம் அந்த வராண்டா முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன். சாய்நாத் சார் முருகையன் பக்கத்தில் வந்து, மன்னிச்சுடுப்பா என்றார். பரவால்ல சார் என்றான் முருகையன். பரவாயில்லையாம். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். மாமி எழுந்து தேவானையிடம் வந்தார்.

“நான் அப்பவே சொன்னேனோல்லியோ, எங்காத்து ஊசி சுத்தமானதுதான். அனாவசியமா எல்லாரும் பயந்துண்டோம்” என்றார்.

மனுஷி நிம்மதியில் பேசுகிறார், அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் காலையில் அவர் கொடுத்த காபியைக் குடித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. கையுறையைக் கழற்றக் கூடாது என்று தேவானைக்குப் புத்தி சொன்னார். அது யார் போட்ட முடிச்சு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாமி தயங்கித் தயங்கி அவள் தோளில் கையை வைத்தார். அந்தக் கையில் பாசம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

“இனிமே உனக்கு இந்தப் பயமே வேண்டாம்மா. நாளையிலேர்ந்து ஊசியையெல்லாம் டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணிடறேன். யார் கையிலயும் படாது.”

தேவானை குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“வேணாம் மாமி. அது அடைச்சிக்கினா உள்ள கைய வுட்டு எடுக்கறவன் ஒருத்தன் கீறான். அவனுக்குக் குத்திச்சுன்னா யார் வூட்டு ஊசின்னு எங்க போய்க் கேப்பான்? எங்கிட்டயே குடுங்க. எனக்குன்னா உங்க வூடு தெரியும்.”